நூற்று அறுபது மடங்கு குழம்பு

ஏஞ்சலம்மாள் இன்டர் சயன்ஸ் பாஸ் பண்ணியது 1962 ஜூன் மாதம். பம்பாய் தாராவியில் அவர்கள் இருந்த சாலில், அதாவது வரிசைக் குடியிருப்பில், முப்பத்திரண்டு கோலி; ஒவ்வொன்றும் ஒற்றை அறை வீடு. அத்தனை கோலியிலும் இன்டர் வரைக்கும் போன பெண் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவள் அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை முப்பத்திரண்டு கோலிக்காரர்களுக்கும் வந்துவிட்டது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கிற நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாருடைய யோசனையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நின்றது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அதே காலேஜ், இன்னும் இரண்டே வருஷம், முடித்ததும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, கையில் குடை, பிறகு கல்யாணம்.

அவள் கேட்டது கெமிக்கல் இஞ்சினியரிங்.

அதற்கு மாட்டுங்காவில் காலேஜ் இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். போய் ஃபாரமும் வாங்கி வந்துவிட்டாள். ஃபாரத்தின் கடைசியில் தகப்பனார் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவளுடைய அப்பா லாசர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, ஃபாரத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தார். "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

லாசர் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் மர டிரம். உள்ளே தோலும் மருந்துத் தண்ணீருமாகச் சுற்றும். மருந்து தோலுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க, சுற்றுகிற டிரம்மை நிறுத்தி, மூடியைத் திறந்து, வெறுங்கையை உள்ளே விட்டு ஒரு தோலை இழுத்து, ஓரத்தைக் கத்தியால் சீவிப் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை அப்படி உள்ளே போய் வந்திருக்கிறது. நகம் இரண்டு கிடையாது. விரலெல்லாம் வெடிப்பு.

சாப்பாடு கொண்டு போகிற நாட்களில் ஏஞ்சலம்மாள் இதைப் பார்த்திருக்கிறாள். மூடியைத் திறக்காமலே பார்க்க வழியில்லையா என்று காலேஜில் கெமிஸ்ட்ரி புரொபசரிடம் கேட்டாள். மருந்து எப்படித் தோலைப் பிடிக்கிறது என்பதை அவர் அரைமணி நேரம் அழகாக விளக்கினார். "டிரம் விஷயம் நம்ம வேலை இல்லையம்மா, அது இஞ்சினியர் வேலை" என்று முடித்தார். அன்றைக்கே அவள் முடிவு பண்ணிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேதமுத்து வந்தார். ஏஞ்சலம்மாளின் தாய்மாமன். துறைமுக ஆபீசில் கிளார்க். கோயில் கமிட்டிக்குச் செயலாளர். வீட்டிலிருந்த ஒரே நாற்காலி அவர் வந்தால் அவருக்குத்தான்.

"ஸ்கூல் மானேஜர்கிட்ட பேசிட்டேன். ரெண்டு வருஷத்துல வேலை பக்கா. நீ என்னமோ இஞ்சினியரிங்குனு நிக்கியாமே?"

"ஆமா மாமா."

"ரெண்டும் கெமிஸ்ட்ரிதானட்டி. முன்னால வார பஸ்ஸ விட்டுட்டு பின்னால வார பஸ்ஸுக்கு எவளாவது நிப்பாளா?"

"ரெண்டு பஸ்ஸும் வேற வேற ஊருக்குல்லா போவுது."

அடுப்பில் தோசை சுட்டுக்கொண்டிருந்த சேசம்மாள் சிரித்துவிட்டாள். தங்கை சிரித்தது வேதமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

"நீ சிரிச்சு சிரிச்சுத்தான் இவ இப்படி நிக்கா. என்ன வித்தியாசம், சொல்லச் சொல்லு பாப்போம்."

"கண்ணாடிக் குழாயில நடக்கது கெமிஸ்ட்ரி மாமா. அதையே ஆயிரம் கேலன்ல நடத்தணும்னா அது இஞ்சினியரிங்."

"அது பெருக்கல் கணக்கு. அதுக்கு நாலு வருஷமா? பொம்பளப் பிள்ளைய ராத்திரி ஷிப்டுல வைக்க சட்டமே கிடையாது. எந்தக் கம்பெனிக்காரன் உன்னைச் சேப்பான்?"

"பகல்லயும் கம்பெனி ஓடும்லா."

வேதமுத்து மைத்துனரைப் பார்த்தார். லாசர் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேண்டாம்னு சொல்லிட்டேன் மச்சான்" என்று தட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தப் பேச்சு அதோடு நின்றது. வேதமுத்துவுக்கு வேறு தலைவலி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அசனம். ஊர்ப்பக்கத்தில் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் போடுவது மாதிரிதான் தாராவியிலும். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ஒரே இடத்தில் பொங்கி, இன்னார் இனியார் என்று பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எண்ணூறு பேர் வருவார்கள். காய் நறுக்குவதும் மசால் அரைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் பெண்கள் வேலை. அண்டாப் பக்கம் மட்டும் பெண்கள் போகக் கூடாது. யார் எப்போது போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. எதற்கு என்று கேட்டால் சூடு என்பார்கள். வீட்டில் தினம் மூன்று வேளையும் இவர்கள் என்ன ஐஸ் பெட்டிக்குள்ளா நின்று சமைக்கிறார்கள்?

வருஷா வருஷம் அண்டாவுக்குப் பொறுப்பு பூதத்தான். வடாலாவில் கல்யாணச் சமையல் பார்க்கிறவர். வேற்று மதம் என்றாலும் அசனத்துக்கு அவர்தான் வேண்டும். இந்த வருஷம் பார்த்து, ஊரில் அம்மன் கொடை என்று ரயிலேறிவிட்டார்.

"அவன் இல்லாட்டி சோறு வேகாதா?" என்றார் வேதமுத்து. "சேசு, உன் கறிக்குழம்புக்கு அளவு சொல்லு. அஞ்சு பேருக்கு."

சேசம்மாள் சொன்னாள். கறி இவ்வளவு, மசால் இவ்வளவு, உப்பு இவ்வளவு, தண்ணீர் மூன்று டம்ளர். வேதமுத்து ஆபீஸ் பென்சிலால் எழுதி மருமகளிடம் நீட்டினார். "எண்ணூறை அஞ்சால வகுத்தா நூத்தறுபது. எல்லாத்தையும் நூத்தறுபதால பெருக்கு. படிச்ச பிள்ளைதானே நீ."

அவள் பெருக்கினாள். கொடுக்கும்போது சொன்னாள். "மாமா, இதுல தண்ணியப் பாதியாக் குறைக்கணும். நம்ம சட்டியில கொதிக்கும்போது பாதித் தண்ணி ஆவியாப் போயிரும். அண்டாவுல ஆழம் ஜாஸ்தி. அந்த அளவுக்குப் போவாது. அப்புறம் சோறு…"

"பெருக்கத்தானே சொன்னேன்?"

"ஆமா."

"பெருக்கிட்டேல்லா? அவ்வளவுதான் உன் வேலை."

காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு காலை ஆராதனை முடிவதற்கு முன்னாலேயே கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியாகிவிட்டது. மழைக்காகத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். சோற்றுக்கு மூன்று அண்டா, குழம்புக்கு ஒன்று. வேதமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் காகிதத்தோடு நின்றார். லாசர் விறகு தள்ளுகிற வேலையில் இருந்தார். பெண்கள் பத்தடி தள்ளி ஓலைப்பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள்.

ஏஞ்சலம்மாளுக்கு வெங்காயத்தில் கண் இல்லை. முதல் அண்டாவில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. வேதமுத்து கரண்டியால் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "இன்னும் வேகணும்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நசுக்கினார். "இன்னும் கொஞ்சம்." வீட்டில் பதம் பார்ப்பது மாதிரியே பார்த்தார். பருக்கை பூப்போல வெந்த பிறகுதான் "வடிங்கடே" என்றார்.

ஒரு அண்டா சோற்றை வடிப்பது வீட்டு உலையை மூடிச் சாய்க்கிற வேலையா? ஆறு ஆண்கள் கூடையும் வாளியுமாக அள்ள வேண்டும். அள்ளி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரமும் உள்ளே இருக்கிற சோறு அதன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். மேலே இருந்த நாலு கூடை சோறாக வந்தது. அதற்குக் கீழே வந்ததைப் பசையாக டப்பாவில் அடைத்து போஸ்டர் ஒட்டுகிறவனுக்கு விற்கலாம். குழம்பு அண்டாவில் நானூற்றெண்பது டம்ளர் தண்ணீரும் ஒரு சொட்டுக் குறையாமல் நின்றது. கறித்துண்டு அதில் எங்கேயோ நீந்திக்கொண்டிருந்தது.

வேதமுத்து காகிதத்தைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "அளவு சரியாத்தானே இருக்கு" என்றார்.

இதற்குள் இரண்டாவது அண்டாவும் நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஏஞ்சலம்மாள் வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேரே அண்டாவுக்குப் போனாள்.

"ஏட்டி, எங்க வார? அங்க போ" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"ரெண்டாவது அண்டாவையும் கஞ்சியாக்கப் போறியளா?"

"பொம்பளையளு இங்க வரக்கூடாது."

சேசம்மாளும் எழுந்து வந்துவிட்டாள், கையில் அரிவாள்மணையோடு. அதைக் கீழே வைக்க அவளுக்கு நினைவில்லை. ஆனால் எதிரே நின்றவருக்கு அதிலேயேதான் கண். "வராமத்தானே இருந்தோம் இவ்வளவு நேரமும். அழகாப் பொங்கி வச்சிருக்கீய. எண்ணூறு பேரு வந்து உக்காந்தா உங்க மீசையவா இலையில வைக்க?"

பாயில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள்.

ஏஞ்சலம்மாள் கரண்டியை வாங்கி ஒரு பருக்கையை நசுக்கினாள். நடுவில் வெள்ளையாக ஒரு முனை இருந்தது. பச்சையரிசி முனை. பூதத்தான் ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்தில்தான் தீயை இழுக்கச் சொல்வார். வேகவில்லையே என்று யாராவது கேட்டால், "வேகும், போய் வேலையப் பாரும்" என்பார். அவருக்குக் கைப்பழக்கம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவளுக்கு ஏன் என்று தெரியும்.

"அப்பா, விறகை இழுங்க" என்றாள்.

"இழுக்காதீரும் மாப்ளே, அரிசி அரிசியா இருக்கு" என்றார் வேதமுத்து.

லாசர் குனிந்தபடியே இருந்தார். ஒரு பக்கம் மச்சான், கமிட்டிச் செயலாளர். இன்னொரு பக்கம் மகள். எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். வெடித்துப்போன அந்தக் கை எரிகிற கட்டையின் முனையைப் பிடித்தது. முதல் கட்டை வெளியே வந்தது. அடுத்ததும் வந்தது. தண்ணீர் தெளித்து அணைத்தார். 

"பக்கெட்டுல பச்சத்தண்ணி ரெண்டு ஊத்துங்க. இப்ப அள்ளுங்க. கூடையில குவிக்காதீய, பாயில பரத்துங்க. குவிச்சா உள்ள வெந்துரும்." குழம்பில் பாதியை மொண்டு, காலியான முதல் சோற்று அண்டாவுக்கு மாற்றச் சொல்லி, இரண்டையும் அகலமாகத் தீ விட்டு வற்ற வைத்தாள். மிச்சமிருந்த மசாலை அரைத்துக் கொட்டினாள் சேசம்மாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பந்தி போட்டார்கள். ஒரு மணிநேரம் தாமதம். இரண்டாவது மூன்றாவது அண்டாச் சோறு உதிரியாக இருந்தது. முதல் அண்டாவை ரசத்தில் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள்.

வேதமுத்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "சமையல் பொம்பளைக்கு வந்தது ஒரு அதிசயமா? அது வேற, படிப்பு வேற."

"சமையல் அம்மாவுக்கு வரும் மாமா. எனக்கு ரசம் கூட வைக்கத் தெரியாது. அம்மாட்ட கேளுங்க."

"தெரியாதுதான்" என்றாள் சேசம்மாள். "வாயில வைக்க முடியாது."

திங்கட்கிழமை சாயங்காலம் லாசர் வேலை முடிந்து வந்து, வெளியே குழாயில் மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்தார். எப்போதும் அப்படித்தான். பிறகு உள்ளே வந்து பைபிளை எடுத்து, ஃபாரத்தை வெளியே எடுத்து, கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஏஞ்சலம்மாள் பேனாவோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் எங்க ஷாப்புக்கு ஒரு கெமிஸ்ட் வந்தாரு" என்றார். அவர் தானாக ஒரு பேச்சை ஆரம்பித்தது வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். "கண்ணாடி ஜாடியில தோல்துண்டு ஒண்ணு போட்டு மருந்து கலந்து பாத்தாரு. நல்லா வந்துச்சு. அதே அளவுல டிரம்முல போடச் சொன்னாரு. சூடு ஏறும் சார்னு சொன்னேன். கேக்கல. முந்நூறு தோல் சுருங்கிப் போச்சு. நேத்து அண்டாவப் பாத்ததும் எனக்கு அந்த டிரம்முதான் ஞாபகம் வந்துச்சு."

"அப்ப உங்களுக்கு வித்தியாசம் புரியுது."

"ஃபாரத்தப் பாத்த அன்னைக்கே புரிஞ்சுதுட்டி. புரிஞ்சதாலதான் வேண்டாம்னேன்." அவர் கையை நீட்டி முகர்ந்து பார்த்தார். "மூணு தரம் சோப்புப் போட்டாச்சு. இன்னும் நாறுது. மின்சார ரயில்ல என் பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். நீ சுத்தமா ஒரு இடத்துல இருக்கணும். சாக்குக்கட்டி, கரும்பலகை. அதுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. அது வேணும்னு கேக்கவங்களுக்குக் குடுங்க. எனக்கு வேண்டாம்."

"ஆம்பளையளுக்கு நடுவுல…"

"நேத்து ஆம்பளையளுக்கு நடுவுலதானே நின்னேன். என்ன கொறஞ்சு போனேன்?"

சேசம்மாள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். "நீரு போடுதீரா, இல்ல நான் ரேகை வைக்கட்டா? பெத்தது ரெண்டு பேருந்தானே."

"தகப்பன் கையெழுத்துன்னு போட்டிருக்குல்லா."

"அப்ப போடும். எதுக்கு அவளப் போட்டு உலுக்கிக்கிட்டு இருக்கீரு?"

லாசர் பேனாவை வாங்கினார். கோட்டுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினார். "ஒண்ணே ஒண்ணு. படிச்சு முடிச்சு எங்க வேணும்னாலும் போ. மருந்துக் கம்பெனிக்குப் போ, பெயிண்ட் கம்பெனிக்குப் போ. தோல் ஷாப்புப் பக்கம் மட்டும் வரமாட்டேன்னு சொல்லு. போட்டுருதேன்."

சும்மா சரி என்று சொல்லியிருக்கலாம். நாலு வருஷம் கழித்து யார் கேட்கப் போகிறார்கள்? சேசம்மாள் கூடக் கண்ணைக் காட்டினாள், சொல்லித் தொலையேன் என்று. ஏஞ்சலம்மாள் அம்மாவைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்ப்பா."

"ஏன்?"

"முதல்ல அங்கதான் வருவேன். அந்த மூடியத் திறக்காம உள்ள பாக்க ஒரு வழி பண்ணணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பே. இத மறைச்சு உங்ககிட்ட கையெழுத்து வாங்க மாட்டேன். போடாட்டி போங்க. அடுத்த வருஷம் திரும்ப ஃபாரம் வாங்குவேன். அதுக்கு அடுத்த வருஷமும் வாங்குவேன். கெமிஸ்ட்ரிக்கு மட்டும் போக மாட்டேன்."

லாசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.  

"பிடிவாதக்காரி" என்றார். போட்டார். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, கோட்டைத் தாண்டிப் போகாமல். பிறகு எழுந்து வெளியே போய், குழாயைத் திறந்து நாலாவது தரமாகக் கையைக் கழுவினார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவள் மாட்டுங்கா காலேஜ் ஜன்னலில் நின்றாள். வழியெல்லாம் மழை. ஃபாரத்தை ரொட்டி சுற்றி வந்த மெழுகுக் காகிதத்தில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தாள். வரிசையில் நாற்பது பையன்கள். அவள் ஒருத்திதான் சேலை. முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்றவன் அண்ணனுக்காக வந்திருக்கிறாயா என்று இந்தியில் கேட்டான். "எனக்குத்தான். உன் அண்ணனுக்கு வேண்டுமானால் அவனையே வரச் சொல்" என்று அதே இந்தியில் சொன்னாள்.

அவள் முறை வந்தது. கிளார்க் வயதானவர். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கையால் வாசல் பக்கம் காட்டினார். "மகளே, இது இஞ்சினியரிங் லைன். பி.எஸ்ஸி. வேணும்னா உன் காலேஜுக்கே போ."

"மாலூம் ஹை", தெரியும் என்று சொல்லி ஃபாரத்தை உள்ளே தள்ளினாள்.

அவர் மார்க்கைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தமிழ்க் கையெழுத்தைக் காட்டி அது என்ன பாஷை என்று கேட்டுவிட்டு, முத்திரை குத்தினார். ரசீதுப் புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பின்னால் நின்றவன் தோளால் இடித்தான். அவள் நகரவில்லை. ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்று ரசீதை முழுவதும் படித்தாள்.

பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' என்று அச்சடித்திருந்தது.

"இத மாத்துங்க" என்றாள் இந்தியிலேயே.

"எல்லா ரசீதும் அப்படித்தான் அச்சடிச்சிருக்கு. ஒண்ணும் ஆகாது, போ."

"நாளைக்கு இன்டர்வியூவுல இந்த ஆள் நீ இல்லைனு சொன்னா நான் யாருட்ட போய் நிக்க?"

வரிசை முணுமுணுத்தது. கிளார்க் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு ரசீதை வாங்கி, 'மிஸ்டர்' மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'மிஸ்' என்று எழுதித் திருப்பித் தந்தார்.

அவள் அதைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

"அடிச்ச இடத்துல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார்."